முதலில் காது, பிறகு ஜெபம்

பம்பாயின் மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி டிராம்பே போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சீட்டா கேம்ப் வந்துவிடும். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் ஒரே சந்தில் கலந்து ஒலிக்கிற குடியிருப்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் உண்டு. இவர்களில் பலரின் குடும்பங்கள் முன்பு மான்குர்டின் ஜனதா காலனியில் இருந்தன. மாநகராட்சியே நகரின் நடுவிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த அணுசக்தி நிலையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்றானது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, போலீஸ் சூழ வீடுகள் இடிக்கப்பட்டன. சுமார் 70,000 பேரை டிராம்பேயின் சேற்று நிலத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடிப்பை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கத்தோலிக்கர் ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000-ல், மகசேசே விருது பெற்றார்.

ஐ.நா. விதிப்படி இவர்கள் அகதிகள் ஆகமாட்டார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் பக்கத்துச் செம்பூரில் 1947-க்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் இருந்தது. அருகிலேயே மாஹுலில், தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே குடியேற்றிய கதை இன்னும் பழசாகவில்லை. பம்பாயின் இந்தக் கிழக்கு மூலை, இடம்பெயர்ந்தவர்களை மூன்று தலைமுறையாகப் பார்த்துவருகிற மூலை.

இப்படி வீடும் ஊரும் பறிபோனவர்களின் வாசலில் முதலில் போய் நிற்பவர் பெரும்பாலும் மனநல மருத்துவர் இல்லை. பங்குச் சாமியார், பாஸ்டர், உபதேசியார், அருட்சகோதரி, ஞாயிறு பள்ளி அக்கா, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி ஆகியோர்தான். சபை வழக்கில் எல்லாரும் 'ஊழியர்'. கையில் வேதாகமமும் பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதற்கு அவர்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள்? தந்த பயிற்சி எப்படிப்பட்டது? அது உதவியதா, கெடுத்ததா?

பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் பம்பாய்க்குப் புதிதல்ல. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1926-ல் நாக்பாடாவில் 'நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்ற மையத்தைத் தொடங்கினார். சேவை செய்ய நல்ல மனசு மட்டும் போதாது, படிப்பும் வேண்டும் என்பது அவர் கட்சி. டாட்டா அறக்கட்டளையினரை இணங்கவைத்து 1936-ல் அவர் முதல் இயக்குநராக நின்று தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் இன்று டியோனாரில், சீட்டா கேம்ப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். பிரிவினைக்குப் பிறகு அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் அகதி முகாம்களில் பணிசெய்தார்கள். 1955-ல் மரியாவின் இருதயப் புதல்வியர் சபையினர் இதே நகரில் நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆக, பம்பாயில் சமூகப்பணிப் படிப்புக்குக் கால்கோள் இட்டவர்களில் கிறிஸ்தவ ஊழியர்களுக்குப் பெரிய பங்குண்டு. பிறகு அந்தப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. சபை வேதபாடத்தோடு தங்கிவிட்டது. இரண்டுக்கும் இடையே இன்று உள்ள தூரம், டியோனாருக்கும் சீட்டா கேம்ப்புக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி உறைத்தது இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. படகில் ராமேசுவரம் கரைக்கு வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு தமிழகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட இலங்கைத் தமிழர்கள் 2010 வரை அலை அலையாக வந்தார்கள். மொத்தம் சுமார் 3 லட்சம் பேர். பலர் திரும்பிவிட்டார்கள். இன்றும் அறுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. 2021-ல் தமிழக அரசு சுமார் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்து, முகாம்களின் பெயரையும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகள் வந்தன. நிலை மாறவில்லை: முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் நாடு என்று ஒன்று இல்லை.

பழைய முகாம் வீடு என்பது பத்துக்குப் பத்தடி அறை. நடுவே ஒரு சேலையைக் கட்டினால் இரண்டு அறை. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். இந்த வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். கணக்கெடுப்பு நாளில் குடும்பத் தலைவர் ஆஜராகவேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவர் ஓடிவரவேண்டும். ஊழியர் ஒருவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரம் இருந்தால் மாலைக்குள் முகாம் முழுக்கத் தெரிந்துவிடும். ஏன் போனார், அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று கேள்வி வரும். 'தனி அறை, கதவைச் சாத்து, ஐம்பது நிமிடம்' என்று சொல்லும் பாடப்புத்தகம் இங்கே முதல் பக்கத்திலேயே தோற்றுவிடுகிறது. குழாயடியிலும், டியூஷன் சென்டர் திண்ணையிலும், ஆஸ்பத்திரிக்குத் துணைபோகும் பேருந்திலும் பேச்சு நடக்கட்டும் என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சிதான் இங்கே செல்லுபடியாகும்.

இயேசு சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே 1980-ல் தொடங்கிய யேசு சபை அகதிகள் பணி தமிழக முகாம்களுக்கு வந்தபோது கைக்கொண்ட வழி ஏறக்குறைய இதுதான். மாலைநேரக் கல்வி மையங்களைத் திறந்தார்கள். அவற்றை நடத்த முகாமிலேயே படித்த பெண்களைப் பயிற்றுவித்தார்கள். பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டு வழியாக வீட்டின் கதை தெரியவரும். சா. செ. சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் என்று அகதிகளிலிருந்தே ஆட்களை உருவாக்கியது. அது மதச் சார்பற்ற அமைப்பு. ஆனாலும் சபைகள் அதனிடம் கற்கவேண்டிய முதல் பாடம் இது: வெளியிலிருந்து வருபவர் பயிற்சி தரலாம், பணியைச் செய்யவேண்டியவர் உள்ளே இருப்பவர்.

சரி, எதற்குப் பயிற்சி? 'மனவடு' என்று தமிழில் வழங்கும் அந்தப் பாதிப்பு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது 1980-ல்தான். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் அனுபவம் அதற்குப் பின்னணி. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனால் என்ன கிடைக்கிறது? போர் முடிந்த 2009-ல் யாழ் மாவட்டத்தில் நடந்து 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, மனவடு நோய்க்குறிகள் உள்ளவர்கள் 7 சதவீதம். பதற்றம் 32.6 சதவீதம். மனச்சோர்வு 22.2 சதவீதம். அதாவது கெட்ட கனவும் திடுக்கிடலும் உள்ளவர்களைவிட, துக்கமும் கவலையும் தின்றுகொண்டிருப்பவர்கள் பல மடங்கு. கெய்த்ரி பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் இலங்கை இளைஞர்களிடம் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நடந்த குண்டுவீச்சோடு, இன்றைக்கு நடக்கிற வறுமையும் குடும்பச் சண்டையும் அடியும் சேர்ந்தே மனதை உடைக்கின்றன. கணவரின் குடியையும் ரேஷன் அட்டைப் பிரச்சினையையும் தொடாமல் 'மனவடு சிகிச்சை' பேசுவது வீண் வேலை.

நம் ஆட்கள் துன்பத்தைச் சொல்லும் முறையும் வேறு. "எனக்கு மனச்சோர்வு" என்று யாரும் வரமாட்டார்கள். நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, உடம்பு எரிகிறது, ஒரே யோசனை, சோறு இறங்கவில்லை என்பார்கள். பெருமூச்சு விடுவார்கள். போர்க் காலத்தில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். 1998-ல் வெளியான அவருடைய 'ஸ்கார்டு மைண்ட்ஸ்' இத்துறையில் தமிழர் பற்றிய முதன்மை நூல். அவர் மருத்துவமனையில் கடைப்பிடித்த ஒரு முறை, ஊழியர்களுக்கான எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்கவேண்டியது. மனதைத் தளர்த்தும் பயிற்சியை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லித்தரவில்லை. இந்துவுக்கு ஓம் அல்லது பழகிய மந்திரம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு, பௌத்தருக்குச் சரணம். மூச்சும் தாளமும் ஒன்று, சொல் அவரவர் சொல். பாட்டி சிறுவயதில் கற்றுக்கொடுத்ததையே மருத்துவர் திரும்பச் செய்யச் சொன்னார், வேலையும் செய்தது.

மட்டக்களப்பில் இன்னும் துணிச்சலான ஒன்று நடந்தது. இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம், கனடியக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து 1996-ல் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா'வைத் திறந்தார். சுற்றுவட்டாரத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் பேருந்தில் வருவார்கள். இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தால் சுடப்பட்டவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். பூங்காவில் மரம், குளம், விலங்குகள், களிமண், வர்ணம், பாட்டு, நாடகம். 'உனக்கு என்ன நடந்தது' என்று யாரும் கேட்கவில்லை. களிமண்ணில் ஒரு பையன் ஹெலிகாப்டர் செய்தால் செய்யட்டும். அடுத்த வாரம் அதையே படகாக மாற்றினால் மாற்றட்டும். வாரம் ஒரு நாள் வீதம் பல மாதங்கள் இது நடக்கும். பிள்ளைகளோடு விளையாடிய 'அனிமேட்டர்'கள் அதே போரில் அடிபட்ட உள்ளூர் இளைஞர்கள். அவர்களுக்கான பயிற்சியும் அதே மண்ணிலும் வர்ணத்திலும்தான். ஒரு குருவானவர் தொடங்கிய இடத்தில் மதப்பாடம் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அது சற்குணநாயகத்தின் விசுவாசக் குறைவு இல்லை. அவருடைய தொழில்நேர்மை.

அதே மட்டக்களப்பில் தொண்ணூறுகளில் ஆய்வுசெய்த அமெரிக்க மானுடவியலாளர் பெட்ரீஷியா லாரன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார் கூட்டம் கூட்டமாகப் போவதை எழுதினார். பிடித்துக்கொண்டு போன மகன் இருக்கிறானா இல்லையா என்பதுதான் கேள்வி. ராணுவத்திடம் கேட்க முடியாது, போலீஸிடம் கேட்க முடியாது, அக்கம்பக்கத்தில் வாய்திறக்க முடியாது. சாமியிடம் கேட்கலாம். அம்மன் கோயில் வாசலில்தான் அந்தத் தாய் சத்தம்போட்டு அழ முடிந்தது. இதைப் 'பேய் வணக்கம்' என்று ஒரு ஊழியர் தள்ளினால், அந்தத் தாய்க்கு மிஞ்சியிருந்த ஒரே கதவையும் சாத்துகிறார்.

இதில் மிகையாகப் புளகாங்கிதம் அடையவும் கூடாது. தமிழகத்தில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 மனநோயாளிகளிடம் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததாக 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். புனிதத் தலம் ஆற்றும்; சங்கிலி கொல்லும். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு நோயாளிகளை அழைத்துப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இரண்டும் சேர்த்துச் சொல்லப்படவேண்டும். வேலூர் சி.எம்.சி. 1957-ல் மனநல மையத்தைத் தொடங்கியபோது குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்தது. நம் பண்பாட்டோடு பொருந்துகிற மருத்துவத்துக்குக் கிறிஸ்தவ ஊழியத்திலேயே இருக்கும் முன்மாதிரி அது.

இனி கெடுத்த கதை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000-க்கும் மேல், தமிழகத்தில் 8,000-க்கு அருகில் இறந்தார்கள். உடனே உலகத்தின் நாலா பக்கமிருந்தும் 'ட்ராமா கவுன்சலர்'கள் வந்து இறங்கினார்கள். மொழி தெரியாது. இறந்தவருக்குச் செய்யும் எட்டாம் நாள் செலவும் அந்தியேட்டியும் என்னவென்று தெரியாது. வரிசையில் உட்காரவைத்து 'நடந்ததை முழுவதும் சொல்லுங்கள்' என்றார்கள். இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று 2002-லேயே ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்லியிருந்தது. யாரும் படிக்கவில்லை போலும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010-ல் எழுதிய நூலில் இந்தப் படையெடுப்புக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நாகப்பட்டினம் கரையில் இன்னொரு புகாரும் எழுந்தது: நிவாரணப் பொட்டலத்தோடு கைப்பிரதியும் வருகிறது என்று. உதவியை மதம் பரப்பக் கருவியாக்கக் கூடாது என்று செஞ்சிலுவைச் சங்கமும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-லேயே நடத்தை விதி எழுதிக்கொண்டன. உலகக் கத்தோலிக்கக் காரித்தாஸும் புராட்டஸ்டண்டுகளின் உலகச் சபைகள் மன்றமும் அதில் பங்காளிகள். மேல்மட்டத்தில் எழுதிய விதி கடற்கரைக்கு இறங்கி வருவதற்குள் கரைந்துவிடுகிறது.

நல்லெண்ணத்தோடு, ஒழுங்காகச் செய்தாலும் கெடலாம் என்பதற்கு வட இலங்கைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு சாட்சி. வீட்சே டோலும் குழுவும் 399 பிள்ளைகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆடல், பாடல், நாடகம் கலந்த வகுப்பு. ஆண் பிள்ளைகளுக்குச் சில நன்மை தெரிந்தது. பெண் பிள்ளைகளிடமோ, வகுப்புக்கு வராமல் காத்திருந்தவர்களுக்கு இருந்த முன்னேற்றம்கூட மனவடுக் குறிகளில் இல்லை. பயிற்சிக் கையேட்டின் முதல் வரியாக எழுதவேண்டிய செய்தி இது. வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் புகழைக் கேட்டுவிட்டு நாலு வர்ணப் பென்சிலோடு கிளம்புகிற ஒவ்வொருவரும் இதையும் கேட்டிருக்கவேண்டும்.

சபைக்கே உரிய தீங்குகளும் உண்டு. முதலாவது, அவசர மன்னிப்பு. கணவரைக் கொன்றவனை மன்னிக்காவிட்டால் ஜெபம் கேட்கப்படாது என்று துக்கம் ஆறுமுன் சொல்வது. இரண்டாவது, காரணம் சொல்வது: ஆண்டவர் சோதிக்கிறார், பாவத்தின் சம்பளம், இதிலும் ஒரு திட்டம் இருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். மூன்றாவது, சாட்சி சொல்லவைப்பது. கன்வென்ஷன் மேடையில் ஒலிபெருக்கி முன் ஒரு அகதிப் பெண் தன் மேல் நடந்த கொடுமையைச் சொல்லி, கூட்டம் அல்லேலூயா சொல்லும்போது, அவள் முகாமுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதை மேடையில் யாரும் நினைப்பதில்லை.

இவற்றையெல்லாம் பார்த்து எழுந்த பாடத்திட்டங்களில் இரண்டைச் சொல்லவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு. அதை உருவாக்கியதில் வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவ அமைப்புக்கும் பங்கு உண்டு. 'பார், கேள், இணை' என்பது அதன் சுருக்கம். ஆபத்து உண்டா, யாருக்கு உடனே உதவி வேண்டும் என்று பார், வற்புறுத்தாமல் கேள், சோறு, தங்குமிடம், காணாமற்போன உறவு, மருத்துவர் என்று தேவையானதோடு இணை. பிரசங்கத்துக்கு அதில் இடமில்லை.

மற்றது ஆப்பிரிக்கப் போர்களுக்கு நடுவே பணியாற்றிய மார்கரெட் ஹில், ஹாரியட் ஹில் முதலான நால்வர் எழுதி 2004-ல் நைரோபியில் வெளியான கையேடு. சபை எப்படி உதவலாம் என்பதே அதன் பொருள். அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் வழியாகப் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதில் கேட்பதற்கு மூன்று கேள்விகள் தருகிறார்கள்: என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள், எல்லாவற்றிலும் கடினமானது எது. எளிமை, ஒரு உபதேசியாருக்கும் மனப்பாடம் ஆகும். சங்கீதங்களின் புலம்பலைப் போல் தன் புலம்பலைத் தானே இயற்றும் பயிற்சியும் உண்டு. நம் ஊருக்கு இது பழகிய வழி. ஒப்பாரி நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒப்பாரியை 'அஞ்ஞானிகள் வழக்கம்' என்று தடுத்த சபைகளும் நம்மிடம் இருக்கின்றன. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டியவர், 2005-ல் மறைந்தார். அவர் வழியில் ஒப்பாரியைச் சபைக்குள் கொண்டுவந்து பயிற்றுவிப்பது அந்த ஆப்பிரிக்கக் கையேட்டைத் தமிழில் பெயர்ப்பதைவிடப் பயன் தரும்.

அந்தக் கையேட்டின் உச்சமான சடங்கு ஒன்று: வலியைத் தாளில் எழுதி, சிலுவையடியில் வைத்து, பிறகு எரிப்பது. கிறிஸ்தவருக்கு அது ஆறுதல். தமிழக முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். அவர்களிடம் இதை 'சிகிச்சை' என்று செய்தால் அது சிகிச்சையாக மட்டும் இருக்காது. சபை மக்களுக்கு ஒரு பயிற்சி, ஊராருக்கு ஒரு பயிற்சி என்று பிரித்துக்கொள்ளும் நேர்மை பயிற்றுநருக்கு வேண்டும்.

காணாமற்போனவர்களின் வீடு ஊழியருக்கு எல்லாவற்றிலும் கடினமான பாடம். உடல் கிடைத்தால் எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. கத்தோலிக்கருக்குப் பூசை உண்டு. உடல் கிடைக்காத வீட்டில் மனைவி பொட்டு வைக்கலாமா கூடாதா? கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன் 2017 பிப்ரவரி 20 அன்று தொடர்போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கேட்டது பதில், ஆறுதல் கேட்கவில்லை. இங்கே 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் ஊழியர், கொன்றவர்கள் சொல்ல விரும்புவதையே சொல்கிறார். இறுதிச் சடங்கைப் பற்றி எதுவும் சொல்லாமல், மகனின் பிறந்தநாளில் ஒரு மெழுகுத்திரியோடு அந்த வீட்டுக்குப் போகத் தெரிந்தால் போதும்.

இந்த ஊழியர்களும் அதே போரில் அடிபட்டவர்கள் என்பதைப் பயிற்சிகள் மறந்துவிடுகின்றன. 1995 ஜூலை 9-ல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அகதிகளின் இடமாகவே மாறியிருந்த மடு மாதா கோயில் 1999 நவம்பரில் எறிகணைக்கு உள்ளானது. மட்டக்களப்பின் இயேசு சபைக் குரு யூஜின் ஹெபேர் 1990-லும், அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் 2006-லும் காணாமற்போனார்கள். முள்ளிவாய்க்காலில் கடைசிவரை மக்களோடு இருந்த சாரத்ஜீவன் அடிகள் 2009 மே 18 அன்று வெளியே வரும் வழியில் இறந்தார். இவர்களோடு வேலை செய்த கன்னியர்களும் உபதேசியார்களும்தான் மறுநாள் முகாமில் மற்றவர்களை ஆற்றப் போனவர்கள். கந்தமாலில் 2008 வன்முறையிலும் மணிப்பூரில் 2023 வன்முறையிலும் இதே கதை: ஊழியரின் வீடும் எரிந்திருந்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மரிலிருந்து வந்த சின் மக்களை மிசோரம் சபைகள் தங்கள் உறவினர்களாக ஏற்றுச் சோறு போட்டன. அரிசி தரும் கைக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அங்கே எத்தனை சபை மூப்பர்கள் நினைத்தார்கள்? மாதம் ஒருமுறை ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் இறக்கிவைக்கும் ஏற்பாடு இல்லாத பயிற்சி அரைப் பயிற்சி.

மீண்டும் பம்பாய்க்கு வரலாம். 1992 டிசம்பர், 1993 ஜனவரிக் கலவரங்களில் இந்நகரில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பதிவு செய்தது. தாராவி எரிந்தது. அதற்குப் பிறகு தாராவியை மீட்டவர்கள் நிபுணர்கள் அல்லர். மொஹல்லா கமிட்டிகளில் இரவில் கண்விழித்து உட்கார்ந்த பாவ் கோர்டே, வகார் கான் போன்ற அக்கம்பக்கத்தார். சபைகளிடமும் இந்நகரில் ஒரு கருவி தயாராக இருக்கிறது. மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தின் புதன்கிழமை நவநாளுக்கு 1948 முதல் எல்லா மதத்தவரும் போகிறார்கள். வேண்டுதலையும் நன்றியையும் காகிதத்தில் எழுதிப் போடுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாததைப் பெயர் போடாமல் எழுதிவைக்க ஓர் இடம். அந்தக் காகிதங்களை வாசிப்பவருக்கு, எந்தக் காகிதம் மருத்துவரிடம் போகவேண்டியது என்று கண்டுகொள்ளும் பயிற்சி மட்டும் சேர்ந்தால் போதும்.

டிராம்பேயில் நாளை ஒரு பயிற்சி தொடங்குவதானால் அதில் என்ன இருக்கவேண்டும்? சீட்டா கேம்ப்பின் தமிழும் தக்கினியும் கலந்த பேச்சில் நடக்கவேண்டும். ஆங்கிலக் கையேடு உதவாது. குழந்தை மேல் பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி போலீஸில் சொல்லியே ஆகவேண்டும், பாவசங்கீர்த்தன முத்திரையைப்போல் இங்கே மௌனம் செல்லாது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். சயான் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் எந்த நாள் போகலாம், சீட்டு எங்கே போடலாம் என்று தெரிந்திருக்கவேண்டும். மூன்று நாள் பயிலரங்கு, குழுப் படம், சான்றிதழ் என்று முடிகிற வழக்கம் நிற்கவேண்டும். கோவாவில் 'சங்கத்' அமைப்பு நடத்திய ஆய்வுகளில் சாதாரண மக்கள் மனச்சோர்வைக் குறைக்க முடிந்தது தொடர் மேற்பார்வை இருந்ததால்தான். பணம் ஒரு தடை. 2024-ல் வேர்ல்ட் விஷன் இந்தியா, காசா (CASA) உள்ளிட்ட கிறிஸ்தவ அமைப்புகளின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் ரத்தானது. ஆனால் இந்த வேலைக்கு விமான டிக்கெட் தேவையில்லை. டியோனாரிலும் நிர்மலா நிகேதனிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சபைகளில் மண்டபங்கள் இருக்கின்றன.

காலம்தான் குறைவு. தாராவி மறுமேம்பாட்டில் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படுபவர்களுக்கு டியோனார் குப்பைமேட்டு நிலம் உள்ளிட்ட இடங்கள் பேசப்படுகின்றன. 1976-ல் நடந்தது போல இன்னொரு இடப்பெயர்ச்சி இதே பகுதிக்கு வந்தால், பங்குகளும் சபைகளும் பிஸ்கட் பாக்கெட்டோடு மட்டும் நிற்கக் கூடாது. பேராயங்களும் மறைமாவட்டமும் குருமடப் படிப்பில் ஓராண்டாவது இதற்கு ஒதுக்கவேண்டும். அதைச் சொல்லித்தர அகதி முகாம்களில் பணிசெய்த பெண்களையே அழைக்கவேண்டும். அதுவரை, இதை வாசிக்கும் ஊழியர் யாராவது நள்ளிரவில் ஒரு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால், 2022 அக்டோபர் முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.